புதுச்சேரி: துணி வணிகமும் நகர அமைப்பும்

புதுச்சேரி வங்கக் கடலோரத் துறைமுக நகரம். 1674 முதல் 1954 வரை, நடுவில் சில முறை கைமாறியது போக, பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. நகருக்குத் தெற்கே பண்டைய துறைமுகமான அரிக்கமேட்டில் 1945-இல் கிடைத்த செங்கல் தொட்டிகளைத் துணிக்குச் சாயம் தோய்த்த தொட்டிகள் என்றார் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர். பின்வந்த ஆய்வாளர் சிலர் அதை ஐயுற்றனர். இடைக்காலத்துக்கு வில்லியனூர், பாகூர், திருபுவனைக் கோயில்களின் கல்வெட்டுகளே சான்று.

1693-இல் ஊரைப் பிடித்த டச்சுக்காரர் 1699-இல் திருப்பிக் கொடுத்தனர். இன்றைய நேர்க்கோட்டுத் தெருக்கள் அவர்கள் வகுத்தவை என்பது பழைய வரைபடங்களை ஆராய்ந்த ழான் தெலோஷின் கருத்து.

பதினெட்டாம் நூற்றாண்டுக்குத்தான் சான்று மிகுதி. காரணம் பிரெஞ்சு குவர்னர் துய்ப்ளேவின் துபாஷி (மொழிபெயர்ப்பாளர்) ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் அவர் எழுதிவந்த நாட்குறிப்பில் கப்பல் வரவு, துணி வியாபாரம், குவர்னரின் கோபதாபம், ஊர்வம்பு எல்லாம் உண்டு. மரியாதைக்குச் சுட்ட பீரங்கி வேட்டுகளைக்கூட எண்ணி எழுதியிருக்கிறார். ரங்கப்பிள்ளை தெருவிலுள்ள அவர் வீட்டின் கீழ்த்தளம் மரத்தூண்களுடன் தமிழ்ப் பாங்கிலும், மேல்தளம் வெண்சுதைத் தூண்களுடன் பிரெஞ்சுப் பாங்கிலும் அமைந்தது. 1761 ஜனவரி 12-இல் அவர் இறந்தார். நான்கே நாளில் நகரம் வீழ்ந்தது. ஆங்கிலேயர் அதைத் தரைமட்டமாக்கினர். 1765-க்குப் பின் பழைய தெருக்கோட்டிலேயே ஊர் மீண்டும் எழுந்தது. ஊரை இரண்டாகப் பிரிக்கும் வாய்க்காலுக்குக் கிழக்கே உயர்ந்த மதிலும் வளைவு வாயிலுமாகப் பிரெஞ்சு வீடுகள். மேற்கே தாழ்வாரம், திண்ணை, முற்றம் என்று தமிழர் வீடுகள். தெருவைப் பார்த்த தாழ்வாரம் வழிப்போக்கர் வெயிலுக்கு ஒதுங்கவும் உதவியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் 'கினே' எனப்பட்ட அவுரி நீலத் துணி செனகலுக்குப் போனது. அங்கே அதைக் கொடுத்துக் கருவேலம்பிசின் வாங்கினர். துணியே நாணயம்போல் புழங்கியது. அசல் சரக்கை முகர்ந்தே கண்டுகொள்வார்கள் என்பர்.

கைத்தறியை அடுத்துச் சவானா, கெப்ளே, ரோடியர் ஆலைகள் வந்தன. 1936 ஜூலை 30-இல் போராடிய தொழிலாளர் பன்னிருவர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தனர். மறு ஆண்டு எட்டு மணி நேர வேலை சட்டமானது. ஆசியாவிலேயே இதுதான் முதல் என்ற கூற்று பரவலாக உண்டு.

ரோடியரின் வழிவந்த ஏ.எஃப்.டி. ஆலை 2020-இல் மூடப்பட்டது. 2014 நவம்பரில் இடிந்த 'மேரி' எனப்படும் நகர மன்றக் கட்டடம் பழைய சாயலில் திரும்பக் கட்டப்பட்டது. பழைய நகரைச் சூழ்ந்த புல்வார் சாலைக்கு வெளியே மேட்டுப்பாளையத்தில் தொழிற்பேட்டையும் லாரி முனையமும் உள்ளன.