சாரற்காலத்து அடுப்புகள்

குற்றாலத்தைப் பற்றி எழுதியோர் பலர். அருவியின் அழகில் மயங்கியோர், குறவஞ்சியின் நயத்தில் தோய்ந்தோர், மூலிகைகளின் குணம் உரைத்தோர் என அவ்வரிசை நீளும். ஆனால் அருவியில் ஆடிக் களித்து, தலைமயிரில் நீர் சொட்ட, பசி வயிற்றைக் கிள்ள வந்து நிற்பவனுக்குச் சோறு வடித்துப் போட்டவர் யார் என்று கேட்டு எழுதியோர் மிகச் சிலரே. அந்தச் சோற்றின் வரலாற்றைச் சற்றே துருவிப் பார்ப்பது நம் நோக்கம்.

முதலில் நில அமைப்பைக் கூறிவிடுவோம். குற்றாலம் உயர்ந்த மலைவாசத்தலம் அன்று. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 160 மீட்டர் உயரத்தில் மலையடிவாரத்தில் கிடக்கும் ஊர் அது. ஆயினும் ஆனி, ஆடி மாதங்களில் தமிழகத்தின் பிற பகுதிகள் அனற்காற்றில் வாடும்போது இங்கே உடல் சிலிர்க்கும். மேற்குத் தொடர்ச்சி மலை செங்கோட்டைக்கு மேற்கே சற்றுத் தாழ்ந்து ஆரியங்காவுக் கணவாயாக வழிவிடுகிறது. கேரளக் கரையில் கொட்டும் தென்மேற்குப் பருவமழையின் மிச்சம் அவ்வழியே காற்றோடு கலந்து தென்காசிச் சீமைக்குச் சாரலாக வந்து சேர்கிறது. அதே கணவாய் வழியாகவே மிளகும் பாக்கும் தேங்காயும் கிழக்கே வந்தன. அரிசியும் துணியும் மேற்கே சென்றன. எனவே இந்நாட்டுக்கு வழிப்போக்கன் புதியவன் அல்லன். அருவிக்காக ஆட்கள் வரத் தொடங்குமுன்னரே வணிகத்துக்காக வந்து கொண்டிருந்தனர். அவர்கள் எங்கே உண்டனர், எங்கே உறங்கினர்?

இக்கேள்விக்குக் கணவாயின் மேற்குப் புறத்திலிருந்து ஓர் அரிய சான்று கிடைக்கிறது. மொராக்கோ நாட்டின் தஞ்சாவில் 1304இல் பிறந்த உலகப் பயணி இப்னு பதூதா, 1340களில் மலபார்க் கரையில் உலவினார். அக்கரை நெடுகிலும் மரநிழலில் ஒரு சாலை சென்றதாகவும், அரை மைலுக்கு ஒன்றாகப் பலகை இருக்கைகள் கொண்ட மரக்கொட்டில்கள் இருந்ததாகவும், ஒவ்வொன்றிலும் கிணறும் தண்ணீர் வார்க்க ஓர் ஆளும் இருந்ததாகவும் அவர் பதிந்திருக்கிறார். இந்துப் பயணிக்குப் பாத்திரத்தில் நீர். முஸ்லிமுக்கோ ஏந்திய கையில் ஊற்றுவார்கள், போதும் என்று அவன் சைகை காட்டும் வரை. முஸ்லிம்கள் இல்லாத இடங்களில் அவ்வூரார் அவனுக்குச் சமைத்து வாழை இலையில் இட்டனர்.

இதனினும் நம் கருத்தைக் கவர்வது அவர் அடுத்துக் கூறும் செய்தி. வழியின் ஒவ்வொரு தங்கலிலும் முஸ்லிம்களின் வீடுகள் இருந்தன. முஸ்லிம் பயணிகள் அங்கே இறங்கினர். வேண்டியவற்றை அவர்களிடமே விலைக்கு வாங்கினர். வீட்டார் சமைத்துக் கொடுத்தனர். இவ்வீடுகள் மட்டும் இல்லையேல் எந்த முஸ்லிமும் அவ்வழியே பயணம் செய்திருக்க இயலாது என்று அறுதியிட்டு உரைக்கிறார் அவர். மன்னன் கட்டிய மாளிகையைப் பற்றியோ சூஃபிகளின் தைக்காவைப் பற்றியோ அவர் இங்கே பேசவில்லை. (கொல்லத்தில் அவர் தங்கியது அத்தகைய ஒரு தைக்காவில்தான்.) குடும்பம் வாழும் வீடு, அதில் வழிப்போக்கனுக்கு ஒரு மூலை, குடும்பத்தின் உலையிலேயே அவனுக்கும் ஒரு பிடி அரிசி, அதற்கு ஒரு விலை. இன்று ‘கெஸ்ட் ஹவுஸ்’ என்றும் ‘ஹோம்ஸ்டே’ என்றும் பலகை தொங்கவிடுகிறோமே, அதன் மூதாதை இதுவே. இப்னு பதூதா நம் கணவாயைக் கடந்து தென்காசிக்கு வரவில்லை. மதுரைச் சீமைக்கு அவர் வந்தது கடல் வழியாக. ஆயினும் மலபார்ச் சாலையின் முடிவிடம் என அவர் குறிக்கும் கொல்லத்துக்கும் தென்காசிக்கும் நடுவே நிற்பது ஒரு மலைதான்.

அரசர்கள் செய்த அறம் எளிதில் வரலாறாகிவிடுகிறது. 1540 முதல் 1545 வரை தில்லியை ஆண்ட ஷேர்ஷா சூர் பெருஞ்சாலைகள் தோறும் சராய்கள் கட்டியதையும், அவற்றில் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனியே உணவுக்கு ஏற்பாடு செய்ததையும் பள்ளிப் பிள்ளைகள் அறிவர். இராணி மங்கம்மாள் சாலையமைத்துச் சத்திரம் கட்டியதைத் தென்னாட்டார் யாவரும் அறிவர். கல்லும் செப்பேடும் அவர்களுக்குச் சாட்சி. வீட்டு அடுப்புக்கோ சாம்பல் ஒன்றே சாட்சி. அதையும் மறுநாள் காலையில் பாத்திரம் துலக்க எடுத்துவிடுகிறோம்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கும்பினியார் குற்றாலத்தில் சாதிக்காய், கிராம்பு, இலவங்கப்பட்டைத் தோட்டங்கள் போட்டனர். உதகையும் கோடைக்கானலும் வெள்ளையரின் உல்லாச நகரங்களாக ஆகுமுன்பே திருநெல்வேலி அதிகாரிகள் வெயிலுக்கு அஞ்சி ஓடிவந்த இடம் குற்றாலந்தான். பங்களாக்கள் எழுந்தன, பங்களாச் சமையற்காரர்களும் தோன்றினர். அவ்வுணவு ஊராருக்கு எட்டாத உணவு. விரைந்து கடந்து செல்வோம்.

பெரும் மாறுதலைக் கொணர்ந்தது இரயில். 1903இல் திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை வரையிலும், 1904இல் மலையைக் குடைந்து கொல்லம் வரையிலும் பாதை திறக்கப்பட்டது. 1927இல் விருதுநகரிலிருந்தும் தென்காசிக்கு இரயில் வந்தது. மாட்டுவண்டியில் நாட்கணக்கில் வந்தவர்கள் ஒரே பகலில் வந்து இறங்கினர், குடும்பத்தோடு வந்தனர், முதியோரையும் கைக்குழந்தைகளையும் கூட்டி வந்தனர். சத்திரத் திண்ணை ஒற்றை ஆணுக்குப் போதும். கோஷாப் பெண்களும் பிள்ளைகளும் உள்ள குடும்பத்துக்குக் கதவுள்ள அறை வேண்டும், மறைவான குளியலிடம் வேண்டும், குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச அடுப்பு வேண்டும். இத்தேவையே தென்காசியிலும் மேலகரத்திலும் இலஞ்சியிலும் குற்றாலத்திலும் உள்ள குடித்தன வீடுகளைச் சாரற்கால விடுதிகளாக்கியது.

இவ்விடத்தில் ஒரு வீட்டைப் பெயர் சொல்லிக் குறிப்பிடாமல் போவது நன்றன்று. அது வாடகைக்கு விட்ட வீடும் அன்று. முஸ்லிம் வீடும் அன்று. இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் தம் பிற்காலத்தைக் கழித்த குற்றாலத்து இல்லம் அது. இராஜாஜியும் கல்கியும் அங்கே விருந்தினராயினர். கம்பனை நுகரச் சென்றவர்கள் அவ்வீட்டுச் சமையலையும் நுகர்ந்து திரும்பினர். கவிதையைப் பேசிய அளவுக்கு அங்கே பரிமாறப்பட்ட உணவையும் அவர்கள் பேசினர். 1954இல் டி.கே.சி. மறைந்தார். அவருடைய இலக்கியக் கூட்டமாகிய வட்டத்தொட்டியைப் பற்றி நூல்கள் உண்டு. பரிமாறிய கைகளுக்கு நூல் இல்லை.

இனி, சாரற்கால வீடு எவ்வாறு நடந்தது என்று பார்ப்போம். இதனை நாம் ஏட்டில் படித்தறியவில்லை. ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் சென்று தங்கிக் கண்டறிந்தோம்.

வேலை ஆனியில் தொடங்குவதில்லை, சித்திரையிலேயே தொடங்கிவிடும். சாரல் விழத் தொடங்கினால் வெயிலை நம்ப முடியாது. எனவே மிளகாயும் மல்லியும் மஞ்சளும் சித்திரை வெயிலிலேயே காய்ந்து இடிபட வேண்டும். வற்றலும் வடகமும் அப்போதே பானையில் அடைபட வேண்டும். விறகு வாங்கித் தாழ்வாரத்தில் நனையாமல் அடுக்கப்பட வேண்டும். ஈர விறகோடு மல்லாடிய பெண்ணின் கண்ணைக் கேட்டால் அதன் அருமை தெரியும். வைகாசிக் கடைசியில் சுவருக்கு வெள்ளையடித்து, முன்னறைகளை விருந்தினருக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டு, வீட்டார் அனைவரும் சமையற்கட்டை ஒட்டிய ஒற்றை அறைக்குள் சுருங்கிக் கொள்வர். மூன்று மாதங்களுக்கு அக்குடும்பம் தன் வீட்டிலேயே விருந்தாளி போல் ஒதுங்கி வாழும். பிள்ளைகள் உரக்கப் பேசினால் அதட்டு விழும். புதுமணத் தம்பதியர் உள்ள வீடானால் அவர்கள் பாடு இன்னும் கடினம். அதை விரித்துரைப்பது நாகரிகம் அன்று.

காலையில் இடியப்பமும் தேங்காய்ப்பாலும். நண்பகலில் சோறும் ஆணமும். இரவில் அரிசி ரொட்டியோ கஞ்சியோ. வெள்ளிக்கிழமையானால் நெய்ச்சோறும் தாளிச்சாவும். அருவிக்குச் சென்று வந்தவர்கள் வழக்கத்தினும் இருமடங்கு உண்பார்கள் என்பதை இவ்வீட்டுப் பெண்கள் நன்கறிவார்கள். பத்துப் பேருக்கு உலை வைக்கும்போது இருபது பேருக்கென்று அளந்து போடுவார்கள். நனைந்து வந்த துண்டுகள் வெளிக்கொடியில் காயா. அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில்தான் அவை காய வேண்டும். அதனால் சாரற்கால வீடுகளின் துண்டுகளுக்கெல்லாம் ஒரு புகைமணம் உண்டு. சைவ உணவு உண்ணும் குடும்பங்கள் வந்தால் அவர்களுக்கென்று பரணிலிருந்து தனிப் பாத்திரங்கள் இறங்கும். வேண்டுமானால் அவர்களே சமைத்துக் கொள்ள ஓர் அடுப்பும் ஒதுக்கப்படும். ஷேர்ஷா சராயில் செய்ததை அவர் பெயரைக் கேட்டிராத ஒரு பெண்மணி தம் கொல்லைப்புறத்தில் செய்து காட்டியதை நாம் பார்த்திருக்கிறோம்.

விருந்தினரிடம் பணம் வாங்கலாமா என்பது இவ்வீடுகளில் தலைமுறைதோறும் எழுந்த கேள்வி. வாடகை வாங்குவதும் உணவை விற்பதும் ஆகுமான தொழில்களே. இதில் மார்க்கத் தடை ஏதுமில்லை. எனினும் விருந்தோம்பல் மூன்று நாட்கள், அதற்கு மேற்பட்டது தர்மம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதைக் கேட்டு வளர்ந்த பெண்ணுக்கு, வாசலில் வந்து நிற்கும் முதியவரிடம் முதல் வேளைச் சோற்றுக்கே விலை சொல்ல நாக்கு எழுவதில்லை. ஆகவே அவர்கள் தாமே ஒரு வழி கண்டனர். நாம் தங்கிய வீட்டில், வந்திறங்கியவுடன் உண்ணும் முதல் உணவு கணக்கில் ஏறாது, அது விருந்து. அடுத்த வேளையிலிருந்து கணக்கு. நோயாளிக்கும் கைக்குழந்தைக்கும் வைத்த கஞ்சிக்கு என்றுமே கணக்கில்லை. இதனால் நட்டம் வராதா என்று வீட்டுத் தலைவியிடம் ஒருமுறை கேட்டோம். “வரும், அதுக்குத்தான் முன்னறைக்கு ரெண்டு ரூபா கூட வாங்குறோம்” என்று அவர் சிரியாமல் விடை கூறினார்.

அவ்வம்மையாரின் கணக்கு நோட்டையும் நாம் பார்த்தோம். அரிசி, மண்ணெண்ணெய், விறகு, தேங்காய், வெள்ளையடித்த கூலி, தண்ணீர் சுமந்தவளுக்குக் கொடுத்தது எல்லாம் நாள்வாரியாக எழுதப்பட்டிருந்தன. சமையற்கூலி என்று ஒரு வரி இல்லை. சமைத்தவர் அவரே அல்லவா!

தென்காசி, கடையநல்லூர்ப் பெண்களின் அடுப்பு கடல் கடந்ததும் உண்டு. தறித்தொழில் நலிந்தபோது இவ்வூர்களின் முஸ்லிம்கள் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றனர். பிற ஊர்களிலிருந்து சென்றோர் பெரும்பாலும் ஆண்கள் மட்டுமே. மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு, கடையிலோ கிட்டங்கியிலோ பாய் விரித்துப் படுத்தவர்கள் அவர்கள். இவ்விரண்டு ஊரார் மட்டும் இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே குடும்பத்தோடு குடியேறத் தொடங்கினர். தஞ்சோங் பகார் வட்டாரத்தில் அவர்கள் வாழ்ந்தனர். ஆண்கள் துறைமுகத்திலும் கடைகளிலும் உழைக்க, பெண்கள் அம்மியில் மசாலை அரைத்து விற்றுக் குடும்பச் சுமையில் பங்கேற்றனர். பள்ளிக்கூடம் வேண்டும் என்ற எண்ணம் பிறந்ததற்கும் இதுவே காரணம் என்று நாம் கருதுகிறோம். தனியாகச் சென்ற ஆணுக்குப் பள்ளிக்கூடம் எதற்கு? 1941இல் தோன்றிய சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக், 1946இல் சீறாப்புராணம் பாடிய புலவரின் பெயரால் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியை நிறுவியது. 1982 வரை அப்பள்ளி நடைபெற்றது. அதன் வரலாற்றைப் பேசும்போது அம்மியின் வரலாற்றையும் சேர்த்துப் பேச வேண்டும்.

மீண்டும் ஊருக்கு வருவோம். செங்கோட்டை 1956 நவம்பர் 1ஆம் நாள் வரை திருவிதாங்கூர்ச் சீமையைச் சேர்ந்தது. அந்நாளைய எல்லையின் நினைவு பிரானூரில் ‘பார்டர்’ என்னும் பெயராக நின்றுவிட்டது. எல்லை அகன்று பல்லாண்டுகள் ஆகியும் ‘பார்டர் பரோட்டா’ என்று கேட்டுச் சாப்பிட வருகிறார்கள். முஸ்லிம்கள் நடத்தும் அக்கடைகளின் கோழிக்கறிக்கு இன்று தமிழகமெங்கும் பெயர். ஆனால் கடைச் சமையல் வேறு, வீட்டுச் சமையல் வேறு. கடையில் ஆண்கள் கல்லின் முன் நிற்கிறார்கள், பெயர்ப்பலகை உண்டு, புகழும் உண்டு. கடை வளர வளர வீட்டுச் சோறு தேடுவோர் குறைந்தனர். வாகனங்கள் பெருகியதால் காலையில் வந்து குளித்து, பார்டரில் உண்டு, மாலையில் திரும்புவோர் மிகுந்தனர். பெருவிடுதிகள் எழுந்தன. சிறு வீடுகள் அறையை மட்டும் கொடுத்துவிட்டுச் சமையலை நிறுத்திக் கொண்டன.

2020ஆம் ஆண்டிலும் 2021ஆம் ஆண்டிலும் பெருந்தொற்றின் காரணமாகச் சாரற்காலத்தில் அருவிகளில் குளிக்க அனுமதி இல்லை. நீர் கொட்டிற்று, ஆள் இல்லை. மூன்று மாத வருவாயைக் கொண்டு பன்னிரண்டு மாதம் வாழும் வீடுகள் தொடர்ந்து இரண்டு பருவங்களை இழந்தன. சிலர் முன்னறைகளை நிலையான குடித்தனத்துக்கு விட்டுவிட்டனர். தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டம் ஆனதால் அலுவலர்கள் வந்து குடியேறினர். மாத வாடகை தவறாமல் வந்தது. அதைக் குறை கூற நமக்கு உரிமை இல்லை.

நாம் முன்னர் குறிப்பிட்ட வீட்டுக்குச் சென்ற ஆடியில் போயிருந்தோம். நோட்டு எழுதிய அம்மையார் மறைந்துவிட்டார். மருமகள் நடத்துகிறார். எரிவாயு அடுப்பு வந்துவிட்டது. அதன் மேலேயும் ஒரு கொடி கட்டித் துண்டுகளைத் தொங்கவிட்டிருக்கிறார், புகைமணம் மட்டும் இல்லை. போய் அமர்ந்தவுடன் கஞ்சியும் துவையலும் வந்தன. புறப்படும்போது கணக்கைப் பார்த்தோம். கஞ்சி அதில் இல்லை. முன்னறைக்கு வாடகைதான் சற்றுக் கூடுதலாக இருந்தது.