முகமூடியும் சட்டமும்: ‘வாட்ச்மென்’ முதல் அத்தியாயம் முன்வைக்கும் கேள்வி

சூப்பர்ஹீரோ தொடரின் முதல் அத்தியாயத்துக்கென்று ஒரு கடமை உண்டு: நாயகனின் ஆற்றல் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட வேண்டும். 1952இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த சூப்பர்மேன் தொடர், அழிந்துகொண்டிருக்கும் கிரகத்திலிருந்து பெற்றோர் தம் ஒரே குழந்தையை அனுப்பிவைப்பதில்தான் தொடங்கியது. டேமன் லிண்டெலாஃப் எழுதி, நிக்கோல் காசெல் இயக்கி, 2019 அக்டோபர் 20 அன்று எச்.பி.ஓ.வில் ஒளிபரப்பான ‘வாட்ச்மென்’ முதல் அத்தியாயமும் அதே சட்டகத்தை எடுத்துக்கொள்கிறது. பெற்றோர் தம் மகனை ஒரு பெட்டிக்குள் ஒளித்து வண்டியில் ஏற்றி அனுப்புகிறார்கள். அவர்கள் உலகம் பின்னால் எரிகிறது. ஆனால் எரிவது கிரகம் அல்ல, ஒக்லஹோமா மாநிலத் துல்சா நகரின் கறுப்பினக் குடியிருப்பான கிரீன்வுட். தேதி, 1921 ஜூன் 1. இந்த இடமாற்றம் சூப்பர்ஹீரோ வகைமையின் அடிப்படைக் கேள்வியையே மாற்றிவிடுகிறது. ஆற்றல் எங்கிருந்து வந்தது என்று கேட்பதை விட்டு, முகத்தை மறைத்துக்கொண்டு நீதி வழங்க யாருக்கு, எந்த நிலையில் உரிமை வருகிறது என்று இந்த அத்தியாயம் கேட்கிறது. அதற்கான விடையை வேண்டுமென்றே தர மறுப்பதில்தான் அதன் வலிமை இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதல் காட்சியைக் கூர்ந்து பார்க்க வேண்டும். டிரீம்லேண்ட் திரையரங்கில் ஒரு மௌனப்படம் ஓடுகிறது. தாய் பியானோ வாசிக்க, சிறுவன் தனியாக உட்கார்ந்து பார்க்கிறான். திரையில் முகத்தை மூடிய கறுப்பு உடைக் குதிரைவீரர் ஒருவர் வெள்ளையரான ஷெரிப்பைத் துரத்திக் கயிறு வீசிப் பிடிக்கிறார். பிறகு முகத்தை வெளிக்காட்டி, நெஞ்சிலுள்ள நட்சத்திரச் சின்னத்தைக் காட்டுகிறார். ஊரார் ஷெரிப்பைத் தூக்கிலிடக் கூவும்போது மறுத்துவிட்டு, சட்டத்தை நம்பச் சொல்கிறார். அவர் பாஸ் ரீவ்ஸ்: அடிமையாகப் பிறந்து, 1875 முதல் 1907 வரை, பின்னாளில் ஒக்லஹோமாவின் பகுதியான ‘இந்தியப் பிரதேசத்தில்’ துணை மார்ஷலாக இருந்து, 3,000க்கும் மேற்பட்டோரைக் கைது செய்ததாகச் சொல்லப்படும் வரலாற்று மனிதர். படம் தொடருக்காகப் புனையப்பட்டது, திரையரங்கு உண்மை. சிறுவன் அந்த வசனத்தை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருக்கையிலேயே வெளியே சங்கு ஒலிக்கிறது, இராணுவச் சீருடையில் தந்தை ஓடி வருகிறார். தெருவில் கடைகள் எரிகின்றன, மேலே விமானம் பறக்கிறது. சட்டத்தை நம்பு என்ற பாடம் முடிவதற்குள் சட்டமே இல்லாத ஊருக்குள் சிறுவன் தள்ளப்படுகிறான்.

சட்டம் இல்லாத ஊர் என்பதுகூடச் சரியான விவரிப்பு ஆகாது. வரலாற்றில் நடந்தது இது: மின்தூக்கியில் பணிபுரிந்த வெள்ளையினப் பெண்ணைத் தாக்கியதாக, காலணிக்குப் பாலிஷ் போடும் டிக் ரோலண்ட் என்ற இளைஞர் கைதானார். அவரைப் பறித்துக் கொல்ல நீதிமன்றத்தின் முன் கூட்டம் கூடியது. முந்தைய ஆண்டு இதே ஊரில் ஒரு வெள்ளையினக் கைதியைக் காவலிலிருந்து இழுத்துச்சென்று தூக்கிலிட்டபோது போலீசார் வேடிக்கை பார்த்தவர்களின் போக்குவரத்தை ஒழுங்குசெய்தார்கள். கிரீன்வுட் ஆண்கள், அவர்களில் முதல் உலகப் போரில் பணியாற்றியவர்கள் உட்பட, ஆயுதத்தோடு நீதிமன்றத்துக்குப் போனதன் நியாயம் இங்கே இருக்கிறது. அவர்கள் கைதியை விடுவிக்கப் போகவில்லை. விசாரணை நடக்கட்டும் என்று காவல் நிற்கப் போனார்கள். பதிலுக்கு நகரப் போலீஸ் நூற்றுக்கணக்கான வெள்ளையரைச் சிறப்புக் காவலராக நியமித்தது. அவர்களில் பலர் சூறையாடலில் சேர்ந்துகொண்டார்கள். சுமார் 35 தெருத்தொகுதிகளும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் எரிந்தன. அரசுக் கணக்கு 36 சாவு. வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு 300 வரை போகிறது. ஆக, துல்சாவில் சட்டம் ஓடி ஒளியவில்லை, சின்னம் குத்திக்கொண்டு கொள்ளைக்குக் கிளம்பியது. பாஸ் ரீவ்ஸின் நெஞ்சிலிருந்த நட்சத்திரத்தை இந்த வரலாற்றோடு சேர்த்துத்தான் படிக்க முடியும்.

கதை பின்னர் 2019க்குத் தாவுகிறது. இரவுச் சாலையில் ஒரு லாரியைக் கறுப்பினக் காவலர் நிறுத்துகிறார். முகத்தில் மஞ்சள் துணி, ஓட்டுநர் வெள்ளையர். அமெரிக்கச் சாலைகளில் நாள்தோறும் அச்சத்தோடு நடக்கும் சோதனை இங்கே தலைகீழாகிறது. ஓட்டுநரின் பெட்டியில் வெள்ளை இனவெறியர் அணியும் ரோர்ஷாக் முகமூடி கண்ணில் பட்டதும், காவலர் தன் காருக்குத் திரும்பி, பூட்டிக்கிடக்கும் துப்பாக்கியைத் திறந்துவிடும்படி வானொலியில் கேட்கிறார். மறுமுனையில் அலுவலர் விதிப்படி ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கிறார். துப்பாக்கி கைக்கு வருவதற்குள் குண்டுகள் பாய்ந்துவிடுகின்றன. இந்தக் காட்சி பார்வையாளரை நைச்சியமாக ஒரு நிலைப்பாட்டுக்குத் தள்ளுகிறது: விதிகள் தொலையட்டும், அவருக்குத் துப்பாக்கியைக் கொடு. அடுத்து முகமூடிப் போலீசான ஏஞ்சலா ஏபார் சந்தேக நபர் ஒருவரை அடித்துக் காரின் பின்பெட்டியில் போட்டுக்கொண்டு வரும்போதும், மூடிய கதவின் கீழே ரத்தம் கசியும்போதும், நாம் ஏற்கெனவே அவர் பக்கம் சேர்ந்துவிட்டிருக்கிறோம்.

இங்கேதான் முதல் மறுப்பு எழுகிறது, அது கனமானது. முகமூடிப் போலீசும் சித்திரவதையும் இவ்வளவு கவர்ச்சியாகக் காட்டப்பட்டால் அது போலீஸ் துதி ஆகாதா? வெள்ளை இனவெறியரை எதிரியாக நிறுத்தினால் எந்த வன்முறையும் நியாயமாகிவிடுமா? கடைசிக் காட்சியை விலக்கிப் பார்த்தால் இந்த மறுப்புக்கு விடையில்லை. ஆனால் அத்தியாயம், காவல்துறைத் தலைவர் ஜட் கிராஃபர்ட் மரத்தில் தொங்குவதில் முடிகிறது. கீழே சக்கர நாற்காலியில் ஒரு கறுப்பின முதியவர். மௌனப்படத்தில் மார்ஷல் தடுத்த தூக்கு இங்கே நிறைவேறிவிட்டது. அதைத் தடுக்கும் மார்ஷல் யாரும் இல்லை. ஜட் விரும்பிப் பார்த்த ‘ஒக்லஹோமா!’ இசை நாடகத்தில் ஜட் என்பவரின் சாவைக் கற்பனை செய்யும் பாட்டிலிருந்தே அத்தியாயத் தலைப்பும் எடுக்கப்பட்டிருப்பதால், இந்த முடிவு முதலிலேயே திட்டமிடப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஜட் எப்படிப்பட்டவர் என்பதை அடுத்த வாரம்தான் தொடர் காட்டத் தொடங்கியது. அதுவரை பார்வையாளரிடம் இருந்தது ஒரு நல்ல மனிதரின் பிணமும், காரணம் சொல்லாத முதியவரும் மட்டுமே. ஒரு மணி நேரம் முகமூடி நீதியை ஆதரித்தவருக்கு, அதே நீதி தமக்குப் பிடித்தவர் மீது பாயும்போது எப்படி இருக்கிறது என்று காட்டிவிட்டு அத்தியாயம் நின்றுவிடுகிறது. துதி பாடும் படைப்பு இப்படித் தன் ரசிகரை நட்டாற்றில் விடாது.

இரண்டாவது மறுப்பை அவ்வளவு எளிதில் தள்ள முடியவில்லை. உண்மையான படுகொலையைப் பொழுதுபோக்குக் கதைக்குத் தோற்றுவாயாக்குவது, இறந்தவர்களை நாயகன் உருவாகத் தேவைப்படும் எருவாக்குவது இல்லையா? ஓரளவு ஆம். கிரீன்வுட்டின் வணிகர்களும் மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் இந்தக் காட்சியில் பெயரற்ற உடல்களாகவே ஓடி விழுகிறார்கள். சில நிமிடங்களில் அப்படித்தான் முடியும். எனினும் அந்த நிமிடங்களை விழாமல் தாங்கிப் பிடிப்பது ஒரு நேர்மை. விமானங்கள், திரையரங்கு, சீருடை என்று காட்டியவற்றுக்குப் பின்னால் சாட்சியங்கள் இருந்தன, வீரசாகசம் ஒன்றும் சேர்க்கப்படவில்லை. பல பத்தாண்டுகள் பாடப்புத்தகம் வாய்திறக்காத நிகழ்வை முதன்முதலாக இந்தக் காட்சியில்தான் அறிந்ததாகச் சொன்ன அமெரிக்கர் ஏராளம். புனைவு இங்கே வரலாற்றின் இடத்தைப் பறித்துக்கொள்ளவில்லை. வரலாறு கைவிட்ட வேலையைச் செய்தது.

தொடரின் கற்பனை உலகில் இனவன்முறைக்கு ஆளானோரின் வழித்தோன்றல்களுக்கு இழப்பீடு கிடைக்கிறது. முதல் அத்தியாயத்தில் ஒரு பள்ளிச் சிறுவன் அதைக் குத்திக்காட்டிக் கேட்கிறான். ஆற்றல்களும் ஆந்தைக் கப்பலும் கொண்ட கதையில் மிகத் துணிந்த கற்பனை அந்த இழப்பீடுதான் என்பேன். ஒக்லஹோமா அரசு நியமித்த ஆணையம் 2001இல் இழப்பீட்டைப் பரிந்துரைத்தது. மாநிலம் கொடுக்கவில்லை. படுகொலையில் தப்பி உயிரோடிருந்தவர்களில் கடைசி இருவர், நூறு வயதைக் கடந்த பெண்கள், நடத்திவந்த வழக்கை கீழ்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது சரியே என்று 2024 ஜூனில் ஒக்லஹோமா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.