அரஃபாத் வெளியும் வேம்பின் நிழலும்

வெயிலைத் தாங்குவதும் வணக்கத்தின் ஓர் அங்கமா என்னும் வினா ஹஜ்ஜின் வரலாற்றில் புதியதன்று. அதற்குரிய விடையும் தொடக்கக் காலத்திலேயே கிடைத்துவிட்டது. ஹிஜ்ரி 10ஆம் ஆண்டில் (கி.பி. 632) நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நிறைவேற்றிய ஹஜ்ஜை விவரிக்கும் ஜாபிர் (ரலி) அவர்கள், அண்ணலாருக்காக நமிராவில் உரோமக் கூடாரம் அமைக்கப்பட்டிருந்ததையும், சூரியன் உச்சி சாயும்வரை அவர்கள் அதில் தங்கியிருந்ததையும் அறிவிக்கிறார்கள். ஜம்ராவில் கல்லெறியும்போது வெயில் படாதவாறு தோழர் ஒருவர் துணியை உயர்த்திப் பிடித்திருந்ததை உம்முல் ஹுஸைன் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இரண்டும் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளவை. நிழலுக்கு ஒதுங்குவது வணக்கத்திற்குக் குறைவன்று என்பது இவற்றால் தெளிவாகிறது.

தரையின் சூட்டையும் ஹதீஸ்கள் பேசுகின்றன. கடும் வெப்பத்தில் நெற்றியை நிலத்தில் வைக்க இயலாதோர் ஆடையை விரித்து அதன்மீது ஸஜ்தா செய்ததை அனஸ் (ரலி) அவர்கள் கூறுகிறார்கள்.

நிழல், தரை என்னும் இவ்விரண்டையுமே இன்றைய வெப்பவியலும் ஆராய்கிறது. திறந்தவெளியில் நிற்பவரைச் சுடுவது காற்று மட்டுமன்று. மேலிருந்து கதிரவனின் ஒளியும், கீழிருந்து தரை திருப்பியனுப்பும் ஒளியும், சூடேறிய தரை தானே வெளியிடும் வெப்பக் கதிரும் ஒருங்கே அவர் உடலைத் தாக்குகின்றன. கோடை நண்பகலில் கருந்தார்ச் சாலையின் மேற்பரப்பு 60 பாகை செல்சியஸைக் கடந்துவிடும். 2024ஆம் ஆண்டில் நமிராப் பள்ளிவாசலைச் சூழ்ந்த சாலைகளில் வெண்பூச்சு பூசப்பட்டது இதனைத் தணிக்கவே. மஸ்ஜிதுல் ஹராமின் தவாஃப் தளத்தில் கிரேக்க நாட்டுத் தாஸோஸ் தீவின் வெண்பளிங்கு பதிக்கப்பட்டிருப்பதும் பாதங்களுக்கு அளித்த பேருதவியாகும். எனினும் வெண்தரை தான் ஏற்காத ஒளியை நடப்பவர் மீதே திருப்புகிறது. ஆகவே தரை குளிர்வதும் மனிதர் குளிர்வதும் ஒன்றல்ல.

மரமோ ஒளியைத் தலைக்கு மேலேயே தடுத்துவிடுகிறது. அதன் அடியிலுள்ள நிலமும் சூடேறுவதில்லை. இலைகள் நீரை ஆவியாக்குவதால், தகரக் கூரையைப்போல் கொதித்து அனல் வீசுவதுமில்லை.

இவ்வுண்மையை அரஃபாத் வெளியில் மெய்ப்பித்தது, நம் ஊர்த் தெருக்களில் நிற்கும் அதே வேம்புதான். ஹாஜிகளின் நிழலுக்காக அங்கு ஏறத்தாழ 50,000 வேப்ப மரங்கள் வளர்க்கப்பட்டிருந்ததை 1989இல் வெளியான தாவரவியல் கட்டுரை ஒன்று பதிவு செய்துள்ளது. இந்தோனேசிய ஹாஜிகள் இவற்றை அதிபர் சுகர்ணோவின் பெயரால் அழைப்பர். வறட்சியைத் தாங்கும் வேம்பிற்கும் அப்பாலையில் நீர் வார்த்தாக வேண்டும். நீரின்றி அங்கு எதுவும் நிலைக்காது என்பதைப் பன்னெடுங்காலம் முன்னரே உணர்ந்தவர், கலீஃபா ஹாரூன் ரஷீதின் துணைவியார் ஸுபைதா அம்மையார். வாதி நுஃமானிலிருந்து அரஃபாத்திற்கு நீர் கொணர்ந்த கால்வாய் இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

2024 ஜூனில் மக்காவின் வெப்பம் 51.8 பாகையை எட்டியது. அவ்வாண்டு ஹஜ்ஜில் 1,300க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் 83 விழுக்காட்டினர் முறையான அனுமதியின்றி வந்து, ஒதுங்க இடமின்றி வெயிலில் நெடுந்தொலைவு நடந்தவர்கள் என்று சவூதி அரசு அறிவித்தது. குளிரூட்டிய கூடாரத்தில் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும். மரநிழல் எவரிடமும் சீட்டுக் கேட்பதில்லை.

சந்திர நாட்காட்டியின்படி ஹஜ்ஜு ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னகர்கிறது. இனிவரும் ஆண்டுகளில் அது வசந்தத்தையும் குளிர்காலத்தையும் கடந்து, 2057 அளவில் மீண்டும் ஜூன் நடுப்பகுதியை அடையும். ஒரு வேம்பு கிளை விரித்துப் பெருமரமாக இவ்விடைவெளி போதும். நிழலின் அருமையை மறக்கச் செய்யும் குளிர்ந்த ஆண்டுகளே கன்று நடுவதற்கு உரிய காலமாகும்.