நோட்டம்

சென்ற தை மாதம் ஒரு கல்யாணத்துக்காகத் தண்டலத்துக்குப் போயிருந்தேன். சென்னையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் பெருஞ்சாலையில் இருக்கிறது அந்த ஊர். ஏரியும் வயலுமாக இருந்த அந்தப் பக்கமெல்லாம் இப்போது தொழிற்சாலைகளாகிவிட்டன. பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த இளைஞன் ஒரகடத்தில் வேலை பார்க்கிறவன். நான் கதை எழுதுகிறவன் என்று யாரோ அவனிடம் சொல்லிவிட்டார்கள். கதை எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிற நல்ல உள்ளங்கள் இன்னும் இருக்கின்றன! பாயசம் வருவதற்குள் கைப்பேசியை என் முன் நீட்டினான்.

“சார், இது அசலா போலியான்னு பார்த்துச் சொல்லுங்க.”

திரையில் ஒரு செம்புக் காசின் படம். ஒரு புறம் ராமர் பட்டாபிஷேகம். மறுபுறம் ஆங்கிலத்தில் ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி’, ‘அரை அணா’, ‘யு.கே.எல்.’, ‘1818’. அவனுடைய ஆயா நாற்பது வருஷமாகப் பூஜைத் தட்டில் வைத்திருக்கும் காசாம். அதன் படத்தைப் பார்த்த ஒருவன் பத்து லட்சம் தருவதாகச் சொல்லியிருக்கிறான். ஆனால் முதலில் ‘பதிவுக் கட்டணம்’ ஆறாயிரம் ரூபாய் கட்ட வேண்டும். தண்டல்காரரிடம் கடன் சொல்லி வைத்தாயிற்று; மறுநாள் காலையில் கட்டப் போகிறான்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசினோம். அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

‘அவன் நோட்டம் விடுகிறான்’ என்று இன்று சொன்னால் அது திருடனைப் பற்றிய பேச்சு. ஆனால் நோட்டம் என்பது ஒரு கௌரவமான தொழிலின் பெயர். நாணயத்தை வாங்கி, அது நல்லதா பொல்லாததா என்று பரிசோதிப்பதே நோட்டம். சங்க காலத்தில் அந்த வேலையைச் செய்தவனுக்கு வண்ணக்கன் என்று பெயர். அவர்களில் சிலர் புலவர்களாகவும் இருந்திருக்கிறார்கள். வடம வண்ணக்கன் தாமோதரனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார் என்ற பெயர்களைத் தொகை நூல்களில் பார்க்கலாம். பகலெல்லாம் காசைப் புரட்டிப் புரட்டிப் பார்த்த மனிதர் மாலையில் பாட்டு எழுதினார் என்று நினைக்கும்போது எனக்கு அந்தத் தொழிலின் மேலேயே ஒரு பிரியம் உண்டாகிறது.

நோட்டக்காரர் கண்ணை மட்டும் நம்பியவர் அல்ல. தராசில் நிறுப்பார், கல்லில் தட்டி ஓசை கேட்பார், உரைகல்லில் இழைப்பார், விளிம்பை விரலால் தடவுவார். 1835-க்குப் பிறகு வந்த வெள்ளி ரூபாயின் எடை 180 கிரெயின், அதாவது ஒரு தோலா; இன்றைய கணக்கில் 11.66 கிராம். ‘ஒரு ரூபாய் எடை சுக்கு, அரை ரூபாய் எடை மிளகு’ என்று நம் பாட்டிமார்கள் மருந்துக்கு அளவு சொன்னது இதனால்தான். காசே எடைக்கல்லாக இருந்த காலம் அது. அதனால் ஒரு ரூபாய் கையில் விழுந்தவுடனே அதன் கனம் சரியில்லை என்று கைக்குத் தெரிந்துவிடும்.

படத்தில் இது எதுவும் கிடையாது. எடை இல்லை, ஓசை இல்லை, விளிம்பு இல்லை. மிஞ்சுவது கண் ஒன்றுதான். அதுவும் நம்முடைய கண் அல்ல, படம் பிடித்தவனுடைய கண். விளக்கை நேராகப் பிடித்தால் கீறல் எல்லாம் மறைந்துவிடும். பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் தேய்ந்த காசும் மேடு பள்ளத்தோடு எழுந்து நிற்கும். கல்யாணத்துக்குப் பெண் படம் அனுப்பிய காலத்திலிருந்து நமக்குத் தெரிந்த சமாசாரந்தானே இது!

ஆனாலும் படம் பார்ப்பதே வீண் என்று சொல்ல மாட்டேன். பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அதில் நிறைய இருக்கிறது. முதலில் தேய்மானம். புழங்கிய காசில் உயர்ந்த இடங்கள்தான் முதலில் மழுங்கும்: அரசரின் கன்னம், புருவம், காதுக்கு மேலே கேசம். பள்ளமான இடம் மழுங்கி, மேடு கூர்மையாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். பரப்பெங்கும் ஊசி குத்தியது போலச் சின்னச் சின்னக் குழிகள் தெரிந்தால், அச்சில் அடித்த காசாக இல்லாமல் அச்சு எடுத்து வார்த்த காசாக இருக்கலாம்.

இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். ஏனென்றால் குழி விழுந்ததெல்லாம் போலி ஆகிவிடாது. இதற்கு நம் சென்னையோடு சம்பந்தப்பட்ட ஒரு கதை உண்டு. சென்னை மாகாணத்துக்காகக் கம்பெனியார் பர்மிங்காமில் 1808 என்று பொறித்து, பத்துக் காசு, இருபது காசுச் செம்பு நாணயங்களை அடிக்கச் செய்தார்கள். அவற்றை டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல் புறப்பட்டது. 1809 ஜனவரியில், இங்கிலாந்துக் கரையைவிட்டு அகலும் முன்பே, கெண்ட் கடற்கரைக்கு அப்பாலுள்ள குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கிப் போயிற்று. 1980-களின் நடுவில் அந்தக் காசுகளை மேலே எடுத்தார்கள். சில புதுக்கருக்கு மாறாமல் இருந்தன. பல உப்பு அரித்துப் போயிருந்தன. ஒரு கடைக்காரர் கையிலும் புழங்காத காசு அது. சென்னைக்கு வந்து சேராத சென்னைக் காசு! படத்தை மட்டும் பார்க்கிறவன் ‘ரொம்பத் தேய்ந்திருக்கிறதே’ என்பான். தேய்வு வேறு, அரிப்பு வேறு.

நம் வீடுகளில் காசுக்கு நேர்ந்த கதியும் உண்டு. செம்பின் மேல் வருஷக்கணக்கில் படிந்த பழுப்பு நிறந்தான் அதற்கு அழகு என்று சேகரிப்பவர்கள் நினைக்கிறார்கள். நம் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டுத் தேய்த்துவிடுகிறோம். படத்தில் பழைய காசு ஒன்று புது வெண்கலப் பானை போலப் பளபளத்தால் புளியின் வேலை என்று அறிக.

அடுத்தது மெய் பொய் விஷயம். இங்கே படத்தைவிடச் சரித்திரமே அதிகம் உதவும். 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் புதிய ரூபாய் வந்தது. மன்னரின் அங்கியில் ஒரு சின்ன யானை உண்டு. அதன் தும்பிக்கையும் காலும் குட்டையாக அமைந்துவிட்டதால், அது பன்றி போலத் தெரிகிறது என்று ஜனங்கள் ஆட்சேபித்தார்கள். சுமார் 94 லட்சம் ரூபாய் அடித்ததில் ஏறக்குறைய 7 லட்சந்தான் வெளியே போயிருந்தது. மீதியை சர்க்கார் உருக்கிவிட்டார்கள். 1912-ல் யானையைத் திருத்தி அடித்தார்கள். ஆகவே ஆண்டு 1911 என்றும், யானை நல்ல யானையாகவும் ஒரு படத்தில் இருந்தால், யாரோ ஆண்டில் கைவைத்திருக்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்கத் தராசு வேண்டியதில்லை.

ராமர் காசும் இந்த ரகந்தான். சுவாமி உருவம் இருப்பதால் போலி என்று சொல்லவில்லை. கம்பெனியார் சென்னையில் அடித்த வராகனில் பெருமாள் இருக்கிறார். வெள்ளி அரை வராகனில் கோபுரமே இருக்கிறது. ஆனால் இந்த ஊரில் அப்போது கணக்கு வேறு: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். வெள்ளி ரூபாயே பிரதான நாணயம் என்று சென்னை மாகாணத்தில் ஆனதுதான் 1818-ல். 1835-ல் எல்லா மாகாணங்களுக்கும் பொதுவான நாணயம் வந்தது. அப்போது வந்த அரையணாவில் கம்பெனியின் சிங்கச் சின்னம் உண்டு, ராமர் இல்லை. ‘யு.கே.எல்.’ என்ற எழுத்துக்கள் கம்பெனி நாணயம் எதிலும் கிடையாது. வழிபாட்டுக்காக ராமர் உருவம் பொறித்த வில்லைகள் நம் தேசத்தில் வெகு காலமாக வழங்கி வந்தவை. அவற்றின் முதுகில் கம்பெனி பெயரையும் ஒரு பழைய ஆண்டையும் யாரோ ஏற்றிவிட்டார்கள்.

ஆக, படத்தைப் பார்த்துப் பொய்யைப் பொய் என்று சொல்லிவிடலாம். மெய்யை மெய் என்று முடிவு கட்ட முடியாது. அதற்குக் காசு கைக்கு வர வேண்டும். படத்தை மட்டும் பார்த்து ‘அசல், பத்து லட்சம்’ என்று ஒருவன் சொன்னால், அவன் நோட்டம் பார்ப்பது காசை அல்ல, நம்மை. பழைய நாணயம் வாங்குவதாகச் சொல்லிக் கட்டணம் கேட்கிறவர்களிடம் ஏமாற வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. அப்படி வசூலிக்கத் தாங்கள் யாருக்கும் அதிகாரம் கொடுக்கவில்லை என்றும் சொல்லியிருந்தது.

பையன் வெகு நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “அப்ப ஆயா இத்தனை வருஷமா கும்பிட்டது பொய்யா சார்?” என்றான்.

“ராமர் பொய் இல்லை, தம்பி. முதுகில் இருக்கிற 1818 தான் பொய்” என்றேன்.

அவன் என்னை வீட்டுக்கு அழைத்துப் போனான். இரண்டு தெரு தள்ளி வீடு. ஆயாவிடம் விஷயத்தைச் சொன்னான். ஆயா கொஞ்சமும் கலங்கவில்லை. உள்ளே போய் ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்து வந்து, “இதையும் பாருங்க சாமி” என்றாள். உள்ளே ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் ஒன்று, 1919. கன்னம் வழவழவென்று தேய்ந்திருந்தது. கிரீடத்துக்கு மேலே விளிம்பில், வளையம் பற்றவைத்துப் பிய்த்த வடு.

“எங்கம்மா கழுத்துல கிடந்தது. ஒரு பஞ்சத்துல மத்ததெல்லாம் போயிடுச்சு.”

எனக்குப் புதுக்கோட்டைப் புதையல் ஞாபகம் வந்தது. 1898-ல் புதுக்கோட்டைச் சீமையில் கறுக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் முகத்தில் உளி வெட்டு. ஜி. எஃப். ஹில் என்ற அறிஞர் அவற்றை ஆராய்ந்து எழுதினார். செலாவணியிலிருந்து விலக்குவதற்காக வெட்டினார்கள் என்பது ஓர் அபிப்பிராயம். உள்ளும் பொன்தானா என்று வெட்டிப் பார்த்தார்கள் என்பது இன்னொன்று. எதுவானாலும், சேகரிப்பவன் விலையைக் குறைக்கிற அந்த வெட்டுத்தான் சரித்திரக்காரனுக்குச் சாட்சி.

ஆயாவின் ரூபாய்க்கு வெள்ளி விலைக்கு மேல் யாரும் தர மாட்டார்கள். அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். வாசல் கல்லில் மெல்லத் தட்டினேன். கணீரென்றது.

“இது அசல்” என்றேன்.

பையன் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். தண்டல்காரருக்குத்தான் பேசினான், பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.