கம்பிச் சுருளும் கண்ணாடிக் கோடும்

அம்பர்நாத் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு வால்துனி ஆற்றங்கரையில் நிற்கும் சிவன் கோயில்தான் நினைவுக்கு வரும். அதன் கல்வெட்டு 1060-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இங்கே பிழைக்க வந்த தமிழர்களுக்கோ இது லேத்தும் கிரைண்டிங்கும் ஓடும் ஊர். இயந்திரங்களுக்கு முன்மாதிரி செய்யும் அரசுத் தொழிற்சாலையே இங்கு இருக்கிறது. 2021 அக்டோபரிலிருந்து அது ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது.

ஆனந்த் நகர் எம்.ஐ.டி.சி. பக்கம் ஒரு பட்டறையில் கண்டது இது. அரைத்து முடித்த ஷாஃப்டை அளவு ஸ்டாண்டில் வைத்திருந்தார்கள். ஷாஃப்ட் அசையவில்லை. திரையில் எண் மட்டும் வினாடிக்கு மூன்று தடவை இரண்டு மைக்ரான் ஏறி இறங்கியது. "அண்ணாச்சி, பீஸ் சரியாத்தான் இருக்கு. இந்த மீட்டரை நம்பி எப்படிப் பாஸ் பண்றது?" என்றார் ஆபரேட்டர் தம்பி. நாலடி தள்ளி நின்ற மில்லிங் மெஷினில் எண் கல்லாட்டம் நின்றது. ஒரே கூரை, ஒரே மின்சாரம். ஒன்று ஏன் ஆடுகிறது, மற்றது ஏன் ஆடவில்லை?

ஆடியது எல்.வி.டி.டி. என்ற சென்சார். நடுவில் ஒரு கம்பிச் சுருள், இரு பக்கமும் இரண்டு சுருள், உள்ளே நகரும் இரும்புத் தண்டு. நடுச் சுருளுக்கு 5 கிலோஹெர்ட்ஸ் மின்சாரம் கொடுத்தால் பக்கச் சுருள்களில் மின்னழுத்தம் தோன்றும். தண்டு நட்டநடுவில் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தண்டு துளி விலகினாலும் வித்தியாசம் தெரியும். உரசல் இல்லாததால் தேய்மானமும் இல்லை. இரைச்சலைத் தடுக்க இதற்குள்ளேயே ஒரு வழி உண்டு. மீட்டர் தான் அனுப்பிய 5 கிலோஹெர்ட்ஸை மட்டுமே தேடும். திருவிழாக் கூட்டத்தில் அம்மாவின் குரலுக்கு மட்டும் திரும்பும் குழந்தையைப் போல, 50 ஹெர்ட்ஸ் மின்கம்பியின் முனகலை அது காதில் போட்டுக்கொள்ளாது.

ஆனால் அதே குரலில் வேறொருவர் கூப்பிட்டால்? அங்கே நடந்தது அதுதான். கிரைண்டிங் மோட்டாரை ஓட்டும் டிரைவும் ஏறக்குறைய அதே 5 கிலோஹெர்ட்ஸில் மின்சாரத்தை வெட்டி வெட்டி அனுப்பிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் மூன்று ஹெர்ட்ஸ் வித்தியாசம். வினாடிக்கு மூன்று ஆட்டம் வந்தது அதனால்தான். டிரைவின் அமைப்பை 8 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றி, சென்சார் கேபிளை மோட்டார் கேபிளிடமிருந்து பிரித்து, ஷீல்டைப் பேனலில் வளையக் கிளாம்ப் போட்டு இறுக்கியதும் ஆட்டம் அடங்கியது. புதிதாக எதையும் வாங்கவில்லை.

சராசரி எடுத்தால் தீராதா என்று பலர் கேட்பார்கள். தாறுமாறான இரைச்சலுக்குத் தீரும், அதற்கும் விலை உண்டு. பத்தில் ஒன்றாகக் குறைக்க நூறு அளவுகளைச் சேர்க்க வேண்டும். எந்த நேர அளவுக்குச் சராசரி எடுக்கிறோம் என்பதும் முக்கியம். நம் நாட்டு மின்சாரத்தின் ஒரு சுற்று 20 மில்லிசெகண்ட். அதற்குச் சரியாகச் சராசரி எடுத்தால் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் தாமே கழிந்துபோகும். மூன்று ஹெர்ட்ஸ் ஆட்டமோ அந்த வலையில் சிக்காது.

இனி மில்லிங் மெஷினின் கிளாஸ் ஸ்கேல். கண்ணாடியில் பொதுவாக 20 மைக்ரானுக்கு ஒன்றாகக் கோடுகள். ஒளி அவற்றின் ஊடே போய், கால் சுற்று தள்ளித் தள்ளி இரண்டு அலைகளாக வருகிறது. அவற்றை எண்ணினால் 5 மைக்ரான் படிகள் கிடைக்கும். அலையை இன்னும் நுணுக்கமாகப் பிரித்தால் அதற்குக் கீழேயும் போகலாம். ஒரே சிக்னலை நேராகவும் தலைகீழாகவும் இரட்டைக் கம்பியில் அனுப்பிக் கழித்துப் பார்ப்பதால் வழியில் ஏறும் மின் இரைச்சல் பெரும்பாலும் போய்விடும். இது உண்மையான பலம். ஆனால் அந்த எண் கல்லாட்டம் நின்றதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 5 மைக்ரான் படியில் காட்டும் திரையில் அதற்குக் குறைந்த ஆட்டம் பெரும்பாலும் தெரியாது.

கிளாஸ் ஸ்கேலின் பகை எண்ணெய். கூலன்ட் ஆவி கண்ணாடியில் படிந்தால் இரண்டு அலைகளும் சமமாக இருப்பதில்லை. ஒவ்வொரு 20 மைக்ரானுக்குள்ளும் ஒரே மாதிரிப் பிழை திரும்பத் திரும்ப வரும். எண் ஆடாது, பொய் சொல்லும். ஆயிரம் தடவை சராசரி எடுத்தாலும் அதே பொய்தான் கிடைக்கும். ஸ்கேலின் ரப்பர் உதடுகள் கிழியாமலும், உள்ளே போகும் காற்று ஈரமில்லாமலும் பார்த்துக்கொள்வதுதான் இங்கே இரைச்சல் ஒழிப்பு. அம்பர்நாத் மழைக்காலத்தில் கம்ப்ரஸர் காற்றில் வரும் நீரைக் கண்டவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும்.

சூடு இரண்டுக்கும் பொது. ஒரு மீட்டர் எஃகு ஒரு டிகிரி சூட்டில் 11 மைக்ரானுக்கு மேல் நீளும். தகரக் கூரைக்குக் கீழே காலைக்கும் மதியத்துக்கும் இடையே என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இரைச்சலோடு போராடுவது பட்டறைகள் மட்டுமல்ல. நம் மகாராஷ்டிர மாநிலத்திலேயே ஹிங்கோலி மாவட்டத்தில் வரவிருக்கும் ஈர்ப்பு அலை ஆய்வகமான லைகோ-இந்தியாவுக்கு 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நான்கு கிலோமீட்டர் நீளக் கைகளில் ஒளியைக் கொண்டு, புரோட்டானின் விட்டத்தைவிட ஆயிரக்கணக்கான மடங்கு சிறிய அசைவைத் தேடும் கருவி அது. அமெரிக்க லைகோவில் 40 கிலோ கண்ணாடியை நான்கடுக்கு ஊசலாகத் தொங்கவிட்டு, தரையின் நடுக்கத்தை வழியிலேயே நிறுத்துகிறார்கள். இத்தாலியின் விர்கோ ஆய்வகத்தில் அப்படித் தொங்கும் அமைப்பின் இடத்தை அளப்பதற்கு இதே எல்.வி.டி.டி. சுருள்கள் இருக்கின்றன. அங்கேயும் இரைச்சலை உள்ளே விட்டபின் வடிகட்டுவதைவிட வாசலிலேயே மறிக்கவே அதிகம் பாடுபடுகிறார்கள்.

குறுகிய தூரம், அழுக்கான இடம் என்றால் நான் சுருளைத்தான் தேர்ந்தெடுப்பேன். அதன் நோய் கண்ணுக்குத் தெரியும். நீண்ட ஓட்டத்துக்கு இந்த இரண்டில் கண்ணாடிதான் வழி. அப்படி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 10, 20, 50 மில்லிமீட்டர் ஸ்லிப் கேஜ்களை மட்டும் வைத்துச் சோதிக்காதீர்கள். அவை எல்லாம் 20 மைக்ரானின் முழு மடங்குகள். கோட்டுக்குள் ஒளிந்த பிழை அவற்றில் அகப்படாது. 1.005, 1.010 கேஜ்களையும் தனித்தனியாகவும் சேர்த்தும் வைத்துப் பாருங்கள்.