முன்னாள் படைவீரர் உயர்கல்வி: திருவண்ணாமலை

ராணுவம், கடற்படை, விமானப்படை ஆகியவற்றில் பணி முடித்து ஊர் திரும்புவோரும் அவர்கள் குடும்பத்தாரும் கல்லூரிப் படிப்பைப் பெற அரசு செய்துள்ள ஏற்பாடுகள் இத்தலைப்பில் அடங்கும். பழைய வட ஆர்க்காட்டுக் கிராமங்களிலிருந்து பட்டாளத்துக்குப் போவது தலைமுறை வழக்கம். வேலூரை அடுத்த கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர் நிலைத்துவிட்டது. 1989இல் வட ஆர்க்காடு மாவட்டத்திலிருந்து பிரிந்த திருவண்ணாமலையில், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் கல்வி உதவித்தொகைக்கான விண்ணப்பங்களைப் பெறுகிறது.

உதவிகளில் பெரும்பகுதி பிள்ளைகளுக்கானது. பிரதமர் கல்வி உதவித்தொகைத் திட்டம் ஆண்டுதோறும் 5,500 பேரைத் தேர்ந்தெடுத்து, தொழிற்கல்வி பயிலும் மாணவிக்கு மாதம் 3,000 ரூபாயும் மாணவனுக்கு 2,500 ரூபாயும் தருகிறது. படைவீரரின் பிள்ளைகளும் கைம்பெண்ணும் விண்ணப்பிக்கலாம். படைவீரருக்கு அதில் இடமில்லை. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்விலும் ஒதுக்கீடு வாரிசுகளுக்கே.

சிப்பாயாகச் சேர்ந்தவர் பலர் நாற்பதை ஒட்டிய வயதிலேயே ஓய்வுபெறுகிறார்கள். பள்ளிப் படிப்போடு சேர்ந்து 15 ஆண்டு பணியாற்றியவரை, பட்டம் கேட்கும் மத்திய அரசின் 'சி' பிரிவுப் பணிகளுக்குத் தகுதியுடையவராக ஏற்கிறார்கள். ஆனால் அந்தத் தகுதியைக் காட்டி எம்.ஏ. வகுப்பில் சேர முடியாது. வேலைக்குப் பட்டதாரி, பல்கலைக்கழகத்துக்குப் பள்ளி மாணவர் என்ற இந்த நிலை நியாயமானதல்ல. 1986இல் தொடங்கிய டெக்ஸ்கோ நிறுவனம் முன்னாள் படைவீரர்களுக்குக் காவல் பணி வாங்கித் தருகிறது. கோயில் பாதுகாப்புப் பணியிலும் அவர்களைச் சேர்ப்பதால், கோயில் நகரங்களில் அதுவே எளிதில் கிடைக்கும் வேலை. மேற்கொண்டு படிக்க விரும்புவோருக்கு வயது வரம்பில்லாத இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் கைகொடுக்கின்றன. குடும்பத்தையும் வேலையையும் பார்த்துக்கொண்டே படிக்க இவற்றைவிடப் பொருத்தமான வழி இல்லை. கட்டணச் சுமையை மட்டும் அரசு ஏற்கவேண்டும்.

அமெரிக்கா கல்வி உதவியைப் படைவீரரிடமிருந்தே தொடங்கியது. 1944ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, போரிலிருந்து திரும்பியவருக்குக் கல்லூரிக் கட்டணமும் வாழ்க்கைச் செலவுக்கான பணமும் கிடைத்தன. 1956க்குள் சுமார் 78 லட்சம் பேர் அதன்வழி கல்வியோ தொழிற்பயிற்சியோ பெற்றனர். அவர்களுள் ஏறத்தாழ 22 லட்சம் பேர் கல்லூரிகளில் படித்தவர்கள். அங்கே பயனைப் பிள்ளைகளுக்கு மாற்றிக்கொடுக்கும் உரிமை பரவலானது 2009இல்தான்.

இந்தியாவில் 2022இல் அறிவிக்கப்பட்ட அக்னிபாத் ஆள்சேர்ப்புத் திட்டம் நிலைமையை மாற்றியிருக்கிறது. நான்கு ஆண்டுப் பணிக்குப் பின் ஒவ்வோர் அணியிலும் 25 விழுக்காட்டினர் வரையே நிரந்தரமாக்கப்படுவார்கள். மற்றவர்கள் இருபதுகளின் நடுவில், ஓய்வூதியம் இன்றி ஊர் திரும்புவார்கள். இத்திட்டத்தில் சேரும் அக்னிவீரர்களுக்கான சிறப்பு இளநிலைப் பட்டத்தில் பாதி மதிப்பெண் அலகுகள் படையில் பெற்ற திறன் பயிற்சிக்கு உரியவை. மீதியை இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பாடங்களைப் படித்துப் பெறவேண்டும். இந்தியாவில் படைப்பயிற்சியையே பட்டப் படிப்பின் பகுதியாகக் கணக்கிடும் இந்த முறை, 15 ஆண்டுக்குமேல் உழைத்த பழைய சிப்பாய்க்கும் பொருந்தக்கூடியதே.