கிழக்கே போகும் கப்பல்

தலைப்பைப் பார்த்து பாரதிராஜா பட விமர்சனம்னு உள்ளே வந்தவங்க மன்னிக்கணும் :-) இது டயட் இல்லாம எடை குறைஞ்ச கதை.

ஜெர்மனியில் போட்ஸ்டாம் நகரத்து நில அளவை ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவர் ஆஸ்கர் ஹெக்கர். 1900களின் தொடக்கத்தில் கப்பலேறி அட்லாண்டிக், இந்திய, பசிபிக் பெருங்கடல்களில் புவியீர்ப்பை அளந்தார். நிலத்தில் இருக்கிற ஈர்ப்புதான் ஆழ்கடல் மேலேயும் இருக்கான்னு பார்க்கணும். ஆடுற கப்பல்ல ஊசல் வேலைக்காகாது. அதனால் வேற வழி பிடிச்சார். தண்ணி எத்தனை டிகிரியில் கொதிக்குதுன்னு பார்த்தா காற்றழுத்தம் தெரியும், அதில் ஈர்ப்புக்குப் பங்கில்லை. பாதரச பாரமானியின் உயரமோ ஈர்ப்பையும் பொறுத்தது. ரெண்டையும் ஒப்பிட்டா ஈர்ப்பு கிடைச்சிடும்.

இந்த அளவுகளை புடாபெஸ்ட்டில் இருந்த லோராண்ட் ஈயோட்வோஷ் பார்த்தார். கப்பல் கிழக்கே போனப்போ ஈர்ப்பு குறைவு, மேற்கே போனப்போ அதிகம். கப்பலோட வேகத்தை ஹெக்கர் கணக்கில் சேர்க்கலைன்னு புரிஞ்சுபோச்சு.

ராட்டினத்தில் உச்சிக்குப் போறப்போ உடம்பு லேசாகுமே, அதே சமாச்சாரம்தான். பூமி மேற்கிலிருந்து கிழக்கா சுத்துது, நாமும் கூடவே சுத்துறோம். ஈர்ப்பில் கொஞ்சம் நம்மை அந்த வட்டத்தில் வளைக்கவே செலவாகுது. மிச்சம்தான் தராசு காட்டுற எடை. கிழக்கே போற கப்பல் இன்னும் வேகமா சுத்துது, செலவு கூடுது, எடை குறையுது. மேற்கே போனா நேர்மாறு.

எவ்வளவு குறையும்? 45 டிகிரி அட்சரேகையில், மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் போனா, 60 கிலோ ஆளுக்குச் சுமார் 3 கிராம். அவ்வளவுதான். ஆனா ஹெக்கர் தேடிப்போன வித்தியாசங்களே பொடிசானவை. இதைக் கழிக்காம கடலைப் பத்தி முடிவு சொல்ல முடியாது.

எனக்கு ஹெக்கரைத்தான் ரொம்பப் பிடிச்சிருக்கு. நம்ம பதிவில் யாராவது தப்புன்னு பின்னூட்டம் போட்டா எப்படி வரிஞ்சு கட்டிக்கிட்டுக் கிளம்புவோம்! அந்த மனுஷர் 1908ல் கருங்கடலுக்குப் போனார். ஒரு கப்பல் கிழக்கே, ஒரு கப்பல் மேற்கே. ஈயோட்வோஷ் சொன்னதுதான் சரின்னு அளவுகள் காட்டின.

ஈயோட்வோஷும் அதோட விடலை. ஒரு தராசை மெதுவா சுழல விட்டார். ஒரு தட்டு கிழக்கே நகரும்போது இன்னொண்ணு மேற்கே. தராசு தானா ஆட ஆரம்பிச்சது. ஆய்வுக்கூடத்து மேஜை மேலேயே பூமி சுத்துறதுக்குச் சாட்சி! 1919ல் அவர் காலமானார். இந்த விளைவுக்கு இன்னிக்கும் அவர் பேர்தான்.

வீட்டுப்பாடம்: நிலநடுக்கோட்டு மேல மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் கிழக்கே பறக்கிற விமானத்தில் அதே 60 கிலோ ஆளுக்கு எவ்வளவு குறையும்? எனக்குச் சுமார் 280 கிராம் வருது (உயரத்தால் குறையறது தனிக்கணக்கு). மேற்கே திரும்பினா கூடுறது இதே அளவு இல்லை. ஏன்னு போட்டுப் பார்த்துச் சொல்லுங்க.